பாரி நாயனம்: மதியத் தூக்கத்தைத் தொலைத்தவனின் பயன்பாட்டு அனுபவம்

வாங்கிய அன்றே எழுதும் விமர்சனங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மிக்ஸியோ மூக்குக் கண்ணாடியோ, ஒரு கத்திரி வெயிலையும் ஒரு ஐப்பசி அடைமழையையும் பார்த்த பிறகுதான் அதன் குணம் தெரியும். நரசிங்கம்பேட்டையில் கடைந்து வாங்கிய என் பாரி நாயனம், அதாவது நீளமான வகை நாதஸ்வரம், இரண்டு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது. இனி எழுதலாம். இதற்கு முன் எழுதியிருந்தால் விமர்சனமாக இருந்திருக்காது, புலம்பலாக இருந்திருக்கும்.

அவசரக்காரர்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பொருள் அருமை. நம் காலத்துக்குப் பிறகும் உழைக்கும். ஆனால் உங்கள் வாழ்க்கை இப்போது ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் இதை வாங்காதீர்கள்.

என்னுடையது ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தணிக்கைத் துறையில் காலம் முழுக்க அடுத்தவர் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்று, குத்தாலத்தில் சொந்த வீட்டில் உட்கார்ந்தேன். காலையில் காபி, பேப்பர். பத்து மணிக்குச் சாப்பாடு. மதியம் மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரத் தூக்கம். மாலையில் சொன்னவாறறிவார் கோயில் வாசலில் நாலு பேரோடு மேட்டூர் நீர்மட்டம் பற்றிப் பேச்சு. எங்களில் யாருக்கும் ஒரு குழி நிலம்கூட இப்போது சாகுபடியில் கிடையாது, ஆனாலும் அணையில் எத்தனை அடி என்று தெரியாமல் யாருக்கும் ராத்திரி சாப்பாடு இறங்காது. பென்ஷன் முதல் வாரத்தில் வந்துவிடும். முழங்கால் வலி இன்னும் வரவில்லை. பையன் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "என்னப்பா விசேஷம்?" என்பான். "ஒண்ணுமில்லப்பா" என்பேன். வாரா வாரம் அதே கேள்வி, அதே பதில்.

இதைக் கெடுத்தது ஒரு உத்திரம். சித்தப்பா வீட்டை இடித்தபோது கூடத்து உத்திரம் கீழே இறங்கியது. பழைய மரக்கடைக்காரர் வந்து ஒரு விலை சொன்னார். பக்கத்தில் நின்ற வயதான தச்சர் உளியால் ஓரத்தைச் சீவி, சீவலை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆச்சா சார் இது. நாயனத்துக்குப் போற கட்டை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கடைக்காரர் முகம் சுருங்கிய விதத்தில் தச்சர் சொன்னது உண்மை என்று தெரிந்துவிட்டது.

என் மைத்துனர் அப்போது கூட இருந்தார். அவர் கூட இருக்கும்போது எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "அத்தான், விக்காதீங்க. நாமளே ஒரு நாயனம் செஞ்சுக்கலாம்" என்றார்.

"செஞ்சு?"

"ஊதுவோம்."

இந்தப் பொருளை வாங்க வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் எந்த வாத்தியமும் தொட்டதில்லை. பாட்டு என்றால் கல்யாணக் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது. ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அது மட்டும் உண்மை.

நரசிங்கம்பேட்டை எங்களுக்குத் தூரமில்லை. கும்பகோணம் மார்க்கத்தில் குத்தாலத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவில் இருக்கிறது, பாசஞ்சர் ரயில் நிற்கும் ஊர். அங்கே செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்தவன்தான் நானும். உத்திரத்தை ஒரு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனோம். மைத்துனர் பின்னால் உத்திரத்தின் மேலேயே உட்கார்ந்து வந்தார், சாமி புறப்பாட்டில் வாகனத்தின் மேல் உட்கார்ந்த குருக்கள் மாதிரி.

ஆசாரி கட்டையைச் சுற்றி வந்தார். விரல் முட்டியால் தட்டினார். ஆணி அடித்த இடம் ஆகாது என்றார். சுவரில் புதைந்திருந்த முனை ஆகாது. நடுவில் ஒரு நூலிழை வெடிப்பு, அதுவும் ஆகாது. மேல் வெளுப்பைக் கழித்துவிட்டு உள்வைரம் மட்டும்தான் வேண்டுமாம். குட்டியானை வாடகை கொடுத்து ஏற்றி வந்த அத்தனை பெரிய உத்திரத்தில் இரண்டு நாயனத்துக்குத் தேறியது. மீதி இன்றும் எங்கள் கொல்லையில் கிடக்கிறது. மனைவி அதன் மேல்தான் வடாம் காயவைக்கிறாள்.

பழைய மரத்துக்கு ஏன் இத்தனை கிராக்கி என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஆச்சா கனத்த மரம். புதிதாக வெட்டியதில் ஈரம் இருக்கும். கடைந்து துளையிட்ட பிறகு அந்த ஈரம் காயக் காய மரம் இழுக்கும், திருகும், பிளக்கும். துளை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சுருதி போய்விடும். அதனால் பழைய வீட்டுத் தூண், உத்திரம் என்று இரண்டு மூன்று தலைமுறை காய்ந்த கட்டையைத் தேடிப் பிடிக்கிறார்கள். எங்கள் தாத்தா காலத்து வெக்கையெல்லாம் குடித்த உத்திரம் என்பதால் எனக்குக் கட்டை விலை மிச்சம். கடைசல் கூலி, வாய்ப்பக்கத்து உலோகக் குழலான கெண்டை, கீழே விரிந்த அணசு எல்லாம் சேர்த்து ஒரு நடுத்தர ஸ்மார்ட்போன் விலை வந்தது. போன் இரண்டு வருடத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும். இதில் மூச்சு வாங்குவது நாம்தான்.

கையில் வாங்கியதும் முதலில் தெரிவது நீளம். இரண்டரை அடிக்கு மேல். பஸ்ஸில் மடியில் வைத்தால் பக்கத்து சீட்டுக்காரர் தொடையில் அணசு இடிக்கும். விரல் வைக்க ஏழு துளை. அதற்குக் கீழே இன்னும் ஐந்து துளை இருக்கிறதே, அதை எந்த விரலால் மூடுவது என்று நான் கேட்டேன். ஆசாரி சிரிக்காமல் பதில் சொன்னதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவை விரலுக்கு இல்லை. மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்துகொள்ளத்தான்.

இந்த நீளத்துக்கும் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் புழக்கத்தில் இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, சுருதி தூக்கலானது, வீதி முழுக்கக் கேட்கும். அதில் சுத்த மத்தியமம், அதாவது "ம" சுரத்தின் தாழ்ந்த வகை, சரியாக நிற்காது என்பது பெரிய குறை. நாயன வித்துவான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து அந்தக் குறையைத் தீர்த்தார். நீளம் கூட்டி, துளைகளின் இடத்தை மாற்றி, சுருதியைத் தணித்து ஆசாரி செய்து கொடுத்ததுதான் இன்று ஊரெங்கும் ஊதப்படும் பாரி. வாசிப்பவரும் செய்பவரும் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்தது நம் அதிர்ஷ்டம். ஊதிப் பார்த்துச் சரியில்லை என்றால் சாயங்காலமே கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம் அல்லவா. 1956-ல் காலமான ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் நேற்றுக் கேட்டது போலத்தான் பேசுவார்கள். நான் சொல்ல வந்தது தோடியை அல்ல. ஆரம்பப் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில். அதில் வருவது சுத்த மத்தியமம். ஆக, என்னைப் போன்ற கத்துக்குட்டிக்கு முதல் பாடமே அந்த இரண்டு பேர் புண்ணியத்தில்தான் ஓடுகிறது. அப்படியும் என் மத்தியமம் சரியாக நிற்கவில்லை என்றால் அதற்கு மரம் பொறுப்பில்லை.

இனி சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு. இந்த விமர்சனத்தில் நீங்கள் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நாயனம் வாங்கப் போகிறவர் எல்லாரும் மரத்தைப் பார்க்கிறார்கள், அணசைப் பார்க்கிறார்கள், கெண்டையைத் தேய்த்துப் பார்க்கிறார்கள். சத்தம் வருவது இவை எதிலும் இல்லை. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத சீவாளியில் இருந்து வருகிறது. ஆற்றங்கரை நாணல் தட்டையை உலரப்போட்டு, அவித்து, மறுபடி உலர்த்தி, சீவி, தட்டி, நூல் சுற்றிக் கட்டுகிறார்கள். திருவாவடுதுறை இதற்குப் பேர் போன ஊர். நல்ல சீவாளி என்றால் எச்சில் பட்டதும் உதட்டில் உயிரோடு துடிக்கும். கெட்ட சீவாளி என்றால் எத்தனை ஊதினாலும் காற்று மட்டும் போகும், அல்லது "க்வீக்" என்று ஒரு சத்தம் வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்துவான்கள் கெண்டைக்குப் பக்கத்தில் ஒரு கொத்தாகச் சீவாளியையும், அதன் வாயைத் திறந்துவிட ஒரு ஊசியையும் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அது அலங்காரம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஆபத்துக்கு வைத்திருக்கும் ஸ்டெப்னி.

எனக்கு ஒத்துவரும் சீவாளி எது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த இரண்டு வருடமும் போனது. ஆளுக்கு ஆள் உதடு வேறு, மூச்சு வேறு. எனக்கு மேல் முன்பல் இரண்டும் கட்டியது, அதனால் என் பிடி எல்லாருடைய பிடி மாதிரியும் இருக்காது. பல் டாக்டரிடம் போய், "நாயனம் ஊதுவதற்குத் தோதாக இதைக் கொஞ்சம் தேய்த்துத் தர முடியுமா?" என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். சீவாளிக்காகப் போன ஊர்களைச் சொன்னால் தேவாரத் தல யாத்திரை என்று நினைப்பீர்கள். திருவாவடுதுறை, திருவீழிமிழலை, செம்பொனார்கோயில், திருவெண்காடு. மைத்துனர் எல்லா இடத்துக்கும் கூட வந்தார். எங்கே போனாலும் முதலில் சாமி தரிசனம், அப்புறம் அந்த ஊரில் எந்த மெஸ்ஸில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்ற விசாரணை, கடைசியில்தான் சீவாளி.

கும்பகோணம் கும்பேஸ்வரர் கோயிலில் கல் நாயனம் இருக்கிறது என்று அதையும் பார்க்கக் கிளம்பினோம். போகும் வழியெல்லாம் மைத்துனர், "கல்லாச்சே அத்தான், மழைக்கு ஊறாது, வெயிலுக்குப் பிளக்காது. உங்க பிரச்சினை எல்லாம் அதுல தீர்ந்துடும்" என்றார். கல்லில் செய்தாலும் மேலே சொருகுவது அதே நாணல் சீவாளிதான் என்று நான் எடுத்துச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். பிறகு காபி சாப்பிடலாம் என்றார்.

ஒரு தடவை திருவாவடுதுறையில் இருந்து தேறிய சீவாளி ஒன்று வந்தது. முதல் முறையாகக் கீழ் ஷட்ஜம், அதாவது கீழ் "ச", நின்றது. ராத்திரி தண்ணீரில் நனைத்து டம்ளரில் வைத்திருந்தேன். காலையில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மா அதை விளக்குமாற்றுக் குச்சி என்று நினைத்துக் குப்பையோடு போட்டுவிட்டார். அன்று நான் கத்திய கத்தலைக் கேட்டு, "நாயனத்துல வர்றதைவிட இதுல சுருதி நல்லாருக்கு" என்றாள் மனைவி.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இது திறந்தவெளி வாத்தியம். தேர் வீதியின் அந்தக் கோடியில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டும் என்று செய்யப்பட்டது. இதைப் படுக்கையறையில் ஊதினால் என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை, நான் பார்த்துவிட்டேன். முதல் வாரத்தில் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள், "யார் வீட்டுல விசேஷம், சொல்லவே இல்லையே" என்று வருத்தத்தோடு வந்தார்கள். நாலாவது வீட்டுக்காரர் வருத்தப்படவில்லை, கோபப்பட்டார். மார்கழியில் மட்டும் ஒரு புகாரும் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஊதினால் திருப்பள்ளியெழுச்சி என்று நினைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வார். தை பிறந்ததும் அதே பாட்டி, "தம்பி, காது போவுது" என்றார்.

அதனால் ஆற்றுக்குப் போனேன். கோடையில் காவிரி எங்கள் பக்கம் வெறும் மணல். நடு ஆற்றில் உட்கார்ந்து ஊதினால் யாருக்கும் தொந்தரவு இல்லை, ஆடு மேய்க்கும் பையன்கள் மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இதில் ஒரு சிக்கல். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள். கல்லணைக்கு வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிட்டு, எங்கள் கடைமடைப் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்க்க மேலும் நாளாகும். ஊரே பூத்தூவி வரவேற்கும் அந்தத் தண்ணீரை, "ஐயோ, வந்துவிட்டதே" என்று கரையில் நின்று பார்த்த ஒரே டெல்டாக்காரன் நானாகத்தான் இருப்பேன். கோயில் வாசல் நண்பர்கள் நீர்மட்டம் பேசும்போது என் முகம் வாடுவதைப் பார்த்து, எங்கோ குத்தகைக்கு நிலம் எடுத்திருக்கிறான் போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

வாத்தியார் கிடைத்தது தனிக் கதை, அதைச் சுருக்கிவிடுகிறேன். பக்கத்து ஊர்க் கோயிலில் ஆயுள் முழுக்க ஊதியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை "சார்" என்பார். நான் "அண்ணே" என்பேன். முதல் மாதம் முழுக்க நாயனத்தைத் தொடவே விடவில்லை, சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதச் சொன்னார். பிறகு துத்துகாரம், நாக்கால் தட்டித் தட்டி "தூ தூ" என்று காற்றை வெட்டுவது. கன்னம் பலூன் மாதிரி உப்பினால், "காத்து வயித்துலேர்ந்து வரணும் சார், கன்னத்துலேர்ந்து இல்ல" என்பார். தப்பான இடத்தை நான் ஒவ்வொன்றாக நோட்டில் குறித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "ஆடிட் பண்றாப்ல ஊதாதீங்க. தப்பு அதுபாட்டுக்குப் போகட்டும், நீங்க அடுத்த சுரத்துக்குப் போங்க" என்றார். முப்பது வருடம் சம்பளம் வாங்கிய வேலையை விடச் சொல்கிறார்.

இந்த வாத்தியத்தில் துளையை மூடித் திறந்தால் மட்டும் சுரம் வராது. ஒரே துளையில் உதட்டை இறுக்கினால் ஒரு சுரம், தளர்த்தினால் இன்னொன்று. மூச்சின் அழுத்தம் மாறினால் அதுவும் மாறும். ஆர்மோனியம் மாதிரி கட்டையை அழுத்தினால் வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். சுரத்தை அசைக்கும் கமகம் வழுக்கிக்கொண்டு வருவதும் இதனால்தான், என் மத்தியமம் வழுக்கிக்கொண்டு போவதும் இதனால்தான். சாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டை ராகத்தில் ஒரு மல்லாரி ஊத வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. வாத்தியாரிடம் சொன்னேன். "ஊதலாம் சார். முதல்ல மூச்சு முட்டாம ஒரு ஆவர்த்தனம் ஊதுங்க, சாமியைப் புறப்படச் சொல்றேன்" என்றார்.

ஆடுதுறைக் கல்யாணத்தைச் சொல்லாமல் இந்த விமர்சனம் நிறைவு பெறாது, ஏனென்றால் பொருளை உண்மையான பயன்பாட்டுச் சூழலில் சோதித்தது அங்கே ஒரு தடவைதான்.

தை மாதப் பெரிய முகூர்த்த நாள். வாத்தியார் வீட்டில் இருந்து திரும்பும் வழியில், துணிப்பையில் நாயனமும் மைத்துனர் தோளில் சுருதிப் பெட்டியுமாக, ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். அப்படிப்பட்ட நாட்களில் ஒரே செட் இரண்டு மூன்று மண்டபம் ஒத்துக்கொள்வது உண்டு. அங்கே மேளம் இன்னும் வந்து சேரவில்லை. பெண்ணின் தாய்மாமன் போலிருந்தது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். "என்ன இங்க நிக்கிறீங்க? மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாச்சு, தவில் எங்கே?"

"நான் மேளக்காரர் இல்லீங்க" என்றேன்.

"தவில் பின்னால வருது" என்றார் மைத்துனர். என் காதில், "பொங்கல், வடை வாசனை வருது அத்தான்" என்றார்.

எனக்கு அப்போது தெரிந்தது சரளி வரிசை, ஜண்டை வரிசை, பாதி கீதம், எல்லாம் ஆரம்பப் பாடம். மேடைக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து உட்காரவைத்துவிட்டார்கள். கேமராக்காரர் விளக்கை என் முகத்தில் அடித்தார். சுருதிப் பெட்டியை மைத்துனர் இரண்டு கட்டை சுருதியில் வைத்தார். வேறு வழியில்லை, சரளியின் முதல் வரிசையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையை ஆட்டி, "பழைய உருப்படி போலிருக்கு, இப்பல்லாம் யாரு வாசிக்கிறா" என்றார். மைத்துனர் அடக்கமாக ஒரு கும்பிடு போட்டார். இன்னும் இரண்டு நிமிஷம் போயிருந்தால் தப்பித்திருப்போம். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு எட்டு வயசுப் பெண் என் எதிரே வந்து நின்று, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கூடவே பாடத் தொடங்கிவிட்டாள். பிறகு திரும்பி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, இவங்க எங்க மிஸ் சொல்லிக்குடுத்த சரளி வரிசையைத்தான் வாசிக்கிறாங்க! ம தப்பா வருது!" என்றாள்.

நல்லவேளை, அதே சமயம் வாசலில் உண்மையான மேளம் வந்து இறங்கியது.

அந்த வித்துவான் கோபப்படவில்லை. உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் நாயனத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நல்ல கட்டை" என்றார். சீவாளியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் தடிப்பு, இன்னொரு பக்கம் மெலிவு. நான் அத்தனை நாளும் பார்த்ததை அவர் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தன் கொத்தில் இருந்து ஒன்றை அவிழ்த்து, தன் உதட்டில் வைத்துப் பார்த்து, ஊசியால் வாயைக் கொஞ்சம் விரித்து, கெண்டையில் சொருகிக் கொடுத்தார். "முகூர்த்தம் முடிஞ்சு ஊதிப் பாருங்க. இப்ப வேணாம்."

முடிந்ததும் மண்டபத்துப் பின்பக்கம், சமையல்காரர்கள் அண்டா கழுவும் இடத்தில் நின்று ஊதினேன். மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டியதே இல்லை. சும்மா விட்டேன், ஷட்ஜம் தானாக வந்து நின்றது. அண்டா கழுவியவர் திரும்பிப் பார்த்தார். அதுவரை நான் ஊதும்போது திரும்பிப் பார்த்த யார் முகத்திலும் அந்த மாதிரிப் பார்வை இருந்ததில்லை. சீவாளிக்குக் காசு கொடுத்தேன், வித்துவான் வாங்கவில்லை. பெண் வீட்டார் எங்களுக்குச் சாப்பாடும் போட்டுத் தாம்பூலப் பையும் கொடுத்தார்கள். சரளி வரிசைக்கு அது அதிகம்தான்.

அந்தச் சீவாளி ஐப்பசி வரை வந்தது. பிறகு ஓரத்தில் கீறல் விட்டு அதன் ஆயுள் முடிந்தது. சீவாளியின் வாழ்நாள் அவ்வளவுதான், இதைக் குறையாகச் சொல்ல முடியாது. பெட்ரோல் தீருவது வண்டியின் குறையா? ஆனால் அதற்குப் பிறகு எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. சீவாளியின் இரண்டு உதடும் ஒரே தடிப்பா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியில் கீறல் இருந்தால் வேண்டாம். ஒன்றாக வாங்காதீர்கள், ஒரு கொத்தாக வாங்குங்கள், அதில் ஒன்றிரண்டு தேறும். நனைத்த உடனே முடிவு செய்யாதீர்கள், சில நாள் ஊதிப் பழகட்டும். பாத்திரம் தேய்க்க வருபவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பராமரிப்பில் மற்றபடி தொல்லை இல்லை. ஊதி முடித்ததும் உள்ளே துணிவிட்டு ஈரத்தைத் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் மெழுகு பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் வைத்த காரின் உள்ளே விட்டுவிடக் கூடாது, மெழுகு இளகித் துளை திறந்துகொள்ளும். மரம் இந்த இரண்டு வருடத்தில் ஒரு துளிகூட அசையவில்லை. அதற்கான பெருமை தாத்தாவுக்கும் ஆசாரிக்கும்.

பக்க விளைவுகள்: மதியத் தூக்கம் போய்விட்டது. சீரியல் எதில் எங்கே நிற்கிறது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பையன் இப்போது, "அப்பா, நீங்க சொல்றது எதுவும் புரியலை, அம்மாகிட்ட குடுங்க" என்கிறான். அம்மா மட்டும் என்ன? அவளும் கெட்டுப்போனாள். முதலில், "இந்த வயசுல எதுக்குங்க இது" என்று ஆரம்பித்தவள், இப்போது அடுக்களையில் இருந்தபடியே, "இன்னிக்கு சீவாளி செத்துப்போச்சு, வேற மாத்துங்க" என்கிறாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கிறது. துத்துகாரம் முடியும் நேரத்துக்குத் தோசைக்கல்லைப் போடுகிறாள்.

திமிரி வாங்கலாமா, சின்னதாக முகவீணையில் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது, நான் ஊதிப் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் சீவாளி பற்றிக் கேட்பவர்கள் அதை என் வாத்தியார் காதில் விழாமல் கேட்கவும்.

உத்திரத்தில் தேறிய இரண்டாவது நாயனத்தை விற்கும் எண்ணம் இல்லை. அது மைத்துனருக்கு என்றுதான் செய்தது. ஆனால் அவர் மனம் மாறிவிட்டார், ஊதுவது அத்தான் வேலை, தனக்குத் தவில்தான் என்கிறார். வேலியில் இருந்து ஒரு பூவரசங் கிளையை வெட்டித் தவில் கழி தயார் செய்துவிட்டார், விரலுக்குக் கூடு கட்டுவது எப்படி என்று யாரிடமோ கேட்டு வந்துவிட்டார். தவில்தான் இன்னும் இல்லை. அதற்குப் பலாமரம் வேண்டும். எதிர்வீட்டுப் பாட்டியின் கொல்லையில் பெரிய பலா ஒன்று நிற்கிறது. போன வாரம் சாயங்காலம் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பாட்டி அன்றில் இருந்து கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார். காய்ந்த பலாக்கட்டை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், குட்டியானை நாங்களே கொண்டு வருகிறோம்.